பிழைத்தவரை மறுபடியும் இழக்காதிருக்க…

மூளையில் ரத்தம் கசிந்து, தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்து, உயிரோடு வார்டுக்கு வந்துவிட்ட ஒருவரின் கட்டிலருகே குடும்பத்தார் டாக்டரிடம் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: "கை கால் எப்ப சார் வரும்?" பேச்சு எப்போது தெளியும், தானே எழுந்து பாத்ரூம் போவாரா, வேலைக்குத் திரும்ப முடியுமா என்று அதையொட்டி இன்னும் சில கேள்விகள் வரும். "இது மறுபடியும் வருமா?" என்று கேட்பவர்கள் குறைவு. அவர்கள்மீது குற்றம் சொல்ல எதுவுமில்லை. விழுந்து கிடக்கும் கை கண்ணுக்குத் தெரிகிறது. தலைக்குள் இன்னும் நலிந்த நிலையில் இருக்கும் மற்ற ரத்தக்குழாய்கள் தெரிவதில்லை.

அதனால்தான் வீட்டின் பணமும் கவலையும் கை கால்களைச் சுற்றியே செலவாகின்றன. பிசியோதெரபி, எண்ணெய்த் தேய்ப்பு, வாத வைத்தியத்துக்குப் பேர்போன ஏதோ ஓர் ஊருக்கு வேன் பிடித்துப் போவது, சில ஊர்களில் இன்றைக்கும் புறா ரத்தம் தடவுவது வரை. பிசியோதெரபி அவசியம், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் நாலைந்து மாதத்தில் கால் ஊன்றி நடக்கத் தொடங்கியதும், "அதான் சரியாயிடுச்சே" என்று பிரஷர் மாத்திரை நிற்கிறது. முதல் கசிவுக்குக் காரணமான நோய் அப்படியே உள்ளே இருக்கும்போது, அதற்குப் போட்டிருந்த ஒரே தடையும் எடுக்கப்பட்டுவிடுகிறது.

பக்கவாதம் என்று பொதுவாகச் சொன்னாலும் உள்ளே நடப்பவை இரண்டு. மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்துக்கொள்வது ஒன்று. குழாய் வெடித்து ரத்தம் மூளைத் திசுவுக்குள் கசிவது மற்றொன்று. அடைப்புதான் எண்ணிக்கையில் அதிகம். கசிவு மேலை நாடுகளில் ஏறத்தாழ பத்தில் ஒன்று. ஆசிய நாடுகளில் அதைவிடக் கூடுதல். ஆனால் உயிரைப் பறிப்பதில் கசிவு அடைப்பைவிடப் பல மடங்கு கொடியது. பல நாட்டு ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்ததில், மூளைக் கசிவு ஏற்பட்டவர்களில் பத்துக்கு நான்கு பேர் ஒரு மாதத்துக்குள் இறந்துபோகிறார்கள். அந்தக் கண்டத்தைத் தாண்டி வீடு திரும்பியவரை மறுபிறவி எடுத்தவர் என்று சொந்தபந்தங்கள் சொல்வதில் மிகையே இல்லை.

எங்கே கசிந்தது?

ஆஸ்பத்திரியில் கொடுத்த டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துப் பாருங்கள். கசிவு எந்த இடத்தில் என்று ஒரு வரி இருக்கும். பேசல் கேங்க்லியா, தாலமஸ், பான்ஸ், செரிபெல்லம் என்ற சொற்களில் ஒன்று இருந்தால் அது ஆழத்தில் நிகழ்ந்த கசிவு. லோபார் என்றிருந்தால் மூளையின் மேற்பரப்பை ஒட்டிய கசிவு. வீட்டில் யாருமே இரண்டாம் முறை படிக்காத இந்த வரிதான், மறுபடி வரும் ஆபத்தைப் பற்றி டாக்டருக்கு அதிகம் சொல்கிறது.

ஆழத்துக் கசிவு பெரும்பாலும் உயர் ரத்த அழுத்தத்தின் வேலை. மூளையின் அடிப்பகுதியில் பெரிய தமனிகளிலிருந்து நேராகக் கிளம்பி உள்ளே போகும் மெல்லிய குழாய்கள் இருக்கின்றன. படிப்படியாகக் கிளைத்து வேகம் தணியாமல், பெரிய குழாயின் அழுத்தத்தை அப்படியே வாங்கிக்கொள்பவை அவை. பத்து இருபது ஆண்டுகள் பிரஷர் ஏறியே இருந்தால் அவற்றின் சுவர் நைந்துபோகிறது. 1868-லேயே பாரிஸில் ஷார்கோ, பூஷார் என்ற இரு மருத்துவர்கள், கசிவில் இறந்தவர்களின் மூளையை ஆராய்ந்து, இந்தக் குட்டிக் குழாய்களின் சுவர் கெட்டு ஆங்காங்கே புடைத்திருப்பதை எழுதிவைத்தார்கள்.

நைந்தது ஒரு குழாய் மட்டுமல்ல என்பதை வீட்டார் மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும். அதே பிரஷர், அதே ஆண்டுகள், மறுபக்கக் குழாய்களையும் அதே நிலைக்குக் கொண்டுவந்திருக்கும். ஆசிய நாட்டு நோயாளிகளிடம் முதல் கசிவு ஆழத்தில் என்றால், இரண்டாவதும் பெரும்பாலும் ஆழத்திலேயே வருகிறது, பலருக்கு எதிர்ப்பக்கத்தில். இடப்பக்கக் கை கால் விழுந்து, மெல்லத் தேறி, வலக்கையை வைத்துக்கொண்டு சமாளித்து வந்தவருக்கு இப்போது அந்த வலக்கையும் போகிறது.

அதைவிடக் கொடுமை விழுங்குவதில் நேர்கிறது. தொண்டை, நாக்கு, வாய்த் தசைகளுக்கு மூளையின் இரு பக்கங்களிலிருந்தும் கட்டளை வருகிறது. ஒரு பக்கம் பாதிக்கப்பட்டால் மறுபக்கம் கொஞ்ச நாளில் ஈடுகொடுத்துவிடும். முதல் கசிவில் சில வாரங்கள் குளறலாகப் பேசியவர்கள் பிறகு இட்லியும் ரசம் சாதமும் தானே சாப்பிடுவது அதனால்தான். இரண்டு பக்கமும் அடிபட்டுவிட்டால் ஈடுகொடுக்க எதுவும் மிஞ்சுவதில்லை. மூக்கில் குழாய் வைத்துக் கஞ்சி ஊற்ற வேண்டிவரும். எச்சில்கூட நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியா ஆகும். முதல் முறை பிழைக்கவைத்த மூளையின் மிச்ச பலம் இரண்டாம் முறை கையிருப்பில் இல்லை. மறுகசிவில் இறப்பவர்களும் படுக்கையோடு நின்றுவிடுபவர்களும் அதிகம் என்பதற்கு இதுவே காரணம்.

லோபார் கசிவு வேறு கதை. வயதானவர்களிடம், குறிப்பாக அறுபது எழுபதைத் தாண்டியவர்களிடம், மூளையின் மேற்பரப்புக் குழாய்ச் சுவர்களில் அமிலாய்டு என்ற புரதம் படிந்து சுவரை நொறுங்கச் செய்யும் நோய் இருக்கிறது. எம்.ஆர்.ஐ. எடுத்தால், ஏற்கெனவே சத்தமில்லாமல் கசிந்து நின்றுபோன நுண்கசிவுகள் கரும்புள்ளிகளாகத் தெரியும். 2017-ல் வெளியான ஒரு தொகுப்பாய்வின்படி, இந்த அமிலாய்டு நோயால் கசிந்தவர்களுக்கு மறுபடி கசியும் வாய்ப்பு ஆண்டுக்கு 7.4 சதவீதம், மற்றக் காரணங்களால் கசிந்தவர்களுக்கு 1.1 சதவீதம். அமிலாய்டைக் கரைத்து எடுக்க நிரூபணமான சிகிச்சை எதுவும் இன்று இல்லை. ஆனால் அந்தக் குழாய்களின் மீதும் பிரஷர்தான் மோதுகிறது. அதைக் குறைக்க நம்மால் முடியும்.

மூளையைச் சுற்றியுள்ள உறைகளுக்கிடையே, தமனிப் புடைப்பு வெடித்து வரும் கசிவு இந்தக் கட்டுரையின் எல்லைக்கு வெளியே நிற்பது. அங்கே மறுகசிவு ஆண்டுகளில் அல்ல, மணிக்கணக்கில் வரும். புடைப்பை உடனே அடைப்பதுதான் வழி. தலை வெடிப்பதுபோல் திடீர் வலி வந்தால் மாத்திரை போட்டுப் படுக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும் என்பது மட்டும் இங்கே போதும்.

பாஸ்டன் சொன்ன கணக்கு

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் மாசசூசெட்ஸ் ஜெனரல் ஹாஸ்பிட்டலில், 1994 முதல் 2011 வரை மூளைக் கசிவோடு சேர்க்கப்பட்டு மூன்று மாதத்துக்கு மேல் உயிரோடிருந்த 1,145 பேரை டாக்டர்கள் ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தார்கள். அவ்வப்போது பிரஷர் அளவு குறிக்கப்பட்டது. யாருக்கு மறுபடி கசிந்தது என்பதும் குறிக்கப்பட்டது. 2015-ல் 'ஜாமா' மருத்துவ இதழில் வந்த அந்த முடிவுகளை மூளைக் கசிவு நோயாளி உள்ள ஒவ்வொரு வீடும் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆழத்தில் கசிந்தவர்களில், பிரஷர் கட்டுக்குள் இல்லாதவர்களுக்கு மறுகசிவு ஆண்டுக்கு ஆயிரம் பேருக்கு 52. கட்டுக்குள் இருந்தவர்களுக்கு 27. மேற்பரப்பில் கசிந்தவர்களுக்கு முறையே 84, 49. பிரஷரின் மேல் எண் பத்துப் புள்ளி கூடினால், ஆழத்துக் கசிவுக்காரர்களின் ஆபத்து ஏறத்தாழ ஒன்றரை மடங்கானது. 140-க்கும் 150-க்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று நினைப்பவர்களுக்கு இதுவே பதில்.

ஆயிரத்துக்கு 52 என்பது சின்ன எண்ணாகத் தெரியலாம். அது ஓர் ஆண்டுக்கான கணக்கு. நம் ஊரில் ஐம்பதுகளிலேயே, சிலருக்கு நாற்பதுகளிலேயே, முதல் கசிவு வந்துவிடுகிறது. அவர்கள் முன்னால் இன்னும் இருபது ஆண்டு வாழ்க்கை கிடக்கிறது. கணக்குக்காக இதே வேகம் பத்து ஆண்டு நீடிக்கிறது என்று வைத்துக்கொண்டால், பிரஷரைக் கவனிக்காதவர்களில் பத்துக்கு நான்கு பேருக்கு மறுபடி கசிந்திருக்கும். கவனித்தவர்களில் நான்குக்கு ஒருவர் என்ற அளவுக்கு அது இறங்கும். ஆபத்து அறவே ஒழிந்துவிடாது. ஆனால் அந்த வித்தியாசத்துக்குள் எத்தனையோ அப்பாக்களும் அம்மாக்களும் இருக்கிறார்கள்.

அதே ஆய்வில் என்னை அதிரவைத்த இன்னொரு எண்: பரிசோதித்த ஒவ்வொரு முறையும் பிரஷர் கட்டுக்குள் இருந்தவர்கள் 43 சதவீதம்தான். உலகின் பெயர்பெற்ற மருத்துவமனைகளில் ஒன்றின் பார்வையில் இருந்தவர்களின் நிலை இது. அப்படியானால் நம் நிலை?

தமிழக அரசின் ஸ்டெப்ஸ் கணக்கெடுப்பில் 2020-ல் கிடைத்த விடை, உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களில் அதைக் கட்டுக்குள் வைத்திருப்பவர்கள் 7.3 சதவீதம் என்பது. நூறு பேரில் ஏழு பேர். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியது. சுயஉதவிக் குழுப் பெண்களே தன்னார்வலர்களாகி, பிரஷர், சர்க்கரை மாத்திரைகளை வீட்டு வாசலுக்குக் கொண்டுபோனார்கள். 2023–24 கணக்கெடுப்பில் அந்த எண் 17 சதவீதமாகியிருந்தது. இரண்டு மடங்குக்கு மேல் உயர்ந்தது உண்மையிலேயே பாராட்டுக்குரியது. மீதி 83 பேர் இருக்கிறார்கள் என்பதும் உண்மை.

மாத்திரை ஏன் நிற்கிறது?

பிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டை நினைத்துப் பாருங்கள். 1945 ஏப்ரல் 12 அன்று மூளைக் கசிவில் அவர் சரிந்தபோது பிரஷர் 300-க்கு 190. அதற்கு முன்பு ஆண்டுக்காண்டு அது ஏறிக்கொண்டே வந்ததை அவருடைய டாக்டர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். உலகப் போரை நடத்திக்கொண்டிருந்த அமெரிக்க ஜனாதிபதிக்குக் கொடுக்க அவர்களிடம் உருப்படியான ஒரு பிரஷர் மாத்திரைகூட இல்லை. இன்று ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அது இலவசமாகக் கிடைக்கிறது. கிடைத்தும் தொடராமல் விடுவதற்கு மக்கள் சொல்லும் காரணங்களை அலட்சியப்படுத்தாமல் ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும்.

"மாத்திரை போட்டதுலேர்ந்து கால் வீங்குது." அம்லோடிபின் சிலருக்குக் கணுக்கால் வீக்கம் தரும். "ராத்திரியெல்லாம் வறட்டு இருமல்." பெரிண்டோபிரில், எனலாபிரில் வகை மருந்துகள் சிலருக்கு அப்படிச் செய்யும். இரண்டும் கற்பனை இல்லை. ஆனால் இரண்டுக்கும் மாற்று மருந்து இருக்கிறது. டாக்டரிடம் சொன்னால் ஒரே நாளில் மாற்றித் தருவார். சொல்லாமல் நிறுத்துவதுதான் ஆபத்து. "பிரஷர் நார்மலாயிடுச்சு, அப்புறம் எதுக்கு?" நார்மலாக இருப்பதே மாத்திரையால்தான், நிறுத்திய சில நாட்களில் பழைய எண் திரும்பும். "தொடர்ந்து சாப்பிட்டா கிட்னி போயிடும்." கிட்னியைக் கெடுப்பது கட்டுப்படாத பிரஷர். இவை தவிர, வெளியே சொல்லாத காரணமும் உண்டு. ஒரு மாத மாத்திரை வாங்கக் கூலியை விட்டுவிட்டு, கை கால் வராதவரை ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். கூட வர மகன் திருப்பூரிலோ சென்னையிலோ இருக்கிறான். இதற்கு அறிவுரை உதவாது. வீட்டுக்கு மாத்திரை வருவதுதான் உதவும்.

மாத்திரை உண்மையிலேயே மறுகசிவைத் தடுக்குமா? 2001-ல் 'லான்செட்' இதழில் வந்த 'ப்ராக்ரஸ்' ஆய்வில், ஏற்கெனவே பக்கவாதம் கண்ட 6,105 பேர் பங்கேற்றார்கள். பெரிண்டோபிரிலும், தேவைக்கேற்ப இண்டபமைடும் கொடுக்கப்பட்டவர்களிடம் நான்கு ஆண்டுகளில் மூளைக் கசிவு ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. பிரஷர் அதிகம் என்று முத்திரை குத்தப்படாதவர்களுக்கும் பலன் இருந்தது. 2022-ல் அமெரிக்க இதய சங்கமும் பக்கவாத சங்கமும் வெளியிட்ட வழிகாட்டுதல், கசிவிலிருந்து பிழைத்தவர்களுக்கு 130-க்கு 80 என்ற இலக்கை வைக்கிறது. வயசுக்கு 150 இருக்கலாம் என்ற பழைய பேச்சு இவர்களுக்குப் பொருந்தாது.

உப்பைப் பற்றி ஒரு நல்ல செய்தி சீனாவிலிருந்து வந்திருக்கிறது. அங்கே 600 கிராமங்களில், பாதிக் கிராமத்தவருக்குச் சாதாரண உப்புக்குப் பதிலாக நான்கில் ஒரு பங்கு பொட்டாசியம் குளோரைடு கலந்த உப்பைக் கொடுத்தார்கள். ஆய்வில் பங்கேற்ற இரு அணிகளிலும் ஏற்கெனவே பக்கவாதம் வந்திருந்த 15,249 பேரை மட்டும் தனியே எடுத்து ஆராய்ந்த முடிவு 2025-ல் வெளியானது. இந்த உப்பைச் சாப்பிட்டவர்களிடம் மீண்டும் பக்கவாதம் வருவது 14 சதவீதமும், அதில் கசிவு வகை 30 சதவீதமும் குறைந்திருந்தன. சமையலறை டப்பாவில் உப்பை மாற்றியதில் கிடைத்த பலன் இது. ஆனால் கிட்னி கோளாறு உள்ளவர்களுக்கும், சில வகை பிரஷர் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் பொட்டாசியம் ஏறினால் இதயம் நின்றுவிடலாம். டாக்டரைக் கேட்காமல் இந்த உப்பை வாங்கக் கூடாது. அப்பளம், ஊறுகாய், கருவாடு, மோர் மிளகாய், கடை மிக்சர் ஆகியவற்றைக் குறைக்க யாரையும் கேட்க வேண்டியதில்லை. மதுவை விட்டுவிட வேண்டும் என்பதற்கும் யாருடைய அனுமதியும் தேவையில்லை.

பக்கத்து வீட்டு ஆஸ்பிரின்

பக்கவாதம் என்றாலே ரத்தத்தை மெலிதாக்கும் மாத்திரை போட வேண்டும் என்று ஊரில் ஒரு நம்பிக்கை பரவிவிட்டது. அடைப்பு வந்தவர்களுக்கு அது சரி. கசிந்தவருக்கு, எதிர்வீட்டுக்காரரின் சீட்டைப் பார்த்து மெடிக்கல் ஷாப்பில் ஆஸ்பிரின் வாங்கிக் கொடுப்பது விபரீதம். மூட்டு வலிக்காக மாதக்கணக்கில் போடும் டைக்லோபினாக், ஐபுபுரூபன் மாத்திரைகளும் பிரஷரை ஏற்றக்கூடியவை. வந்தது அடைப்பா, கசிவா என்பதை வீட்டில் எல்லோரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். ஒரு அட்டையில் 'மூளை ரத்தக்கசிவு' என்று தேதியோடு எழுதி நோயாளியின் சட்டைப் பையிலோ மணிபர்ஸிலோ வையுங்கள்.

அதேசமயம், கசிந்தவருக்கு ஆஸ்பிரின் என்றைக்குமே கூடாது என்றும் சொல்லிவிட முடியாது. இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவருக்கு மூளையில் கசிந்தால் என்ன செய்வது? இந்தச் சிக்கலுக்கு எடின்பரோ பல்கலைக்கழகத்தின் ருஸ்தம் அல்-ஷாஹி சல்மான் தலைமையில் பிரிட்டனில் நடந்த 'ரீஸ்டார்ட்' ஆய்வு விடை தேடியது. முன்பே இத்தகைய மாத்திரை சாப்பிட்டுவந்த 537 பேர் அதில் இருந்தார்கள். 2019-ல் வந்த முடிவில், கசிவுக்குப் பிறகு மாத்திரையை மறுபடி தொடங்கியவர்களில் 12 பேருக்கும், தொடங்காதவர்களில் 23 பேருக்கும் மறுகசிவு வந்தது. பயந்தபடி ஆபத்து கூடவில்லை. ஆனால் இதயத் துடிப்பு ஒழுங்கற்றவர்களுக்குக் கொடுக்கும் வலுவான உறைவுத்தடுப்பு மருந்துகளில் நிலைமை வேறு. ஐரோப்பாவில் நடந்த 'பிரஸ்டீஜ்-ஏஎஃப்' ஆய்வில் அவை அடைப்பை வெகுவாகக் குறைத்தன. கூடவே மறுகசிவைக் கூட்டின. எனவே இது நரம்பியல் டாக்டரும் இதய டாக்டரும் சேர்ந்து உட்கார்ந்து, ஒவ்வொரு நோயாளிக்கும் தனியே எடுக்க வேண்டிய முடிவு. ஒரு டாக்டரிடம் போகும்போது மற்றவரின் ஃபைலையும் எடுத்துப் போவது குடும்பத்தின் கையில் இருக்கிறது.

மறுகசிவு ஒன்றே பயம் என்றும் நினைக்க வேண்டாம். பிரான்ஸின் லீல் நகரில் கசிவிலிருந்து பிழைத்தவர்களைத் தொடர்ந்து பார்த்ததில், நான்கு ஆண்டுகளில் 28 சதவீதத்தினருக்கு மறதி நோய் வந்திருந்தது. வலிப்பும் சிலருக்கு வரும். அப்பா முன்போல இல்லை, சின்ன விஷயத்துக்கும் அழுகிறார், கணக்கு தப்புகிறது என்றால் அதைப் பிடிவாதம் என்று தள்ளிவிடாமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.

செய்தி மட்டும் போதாது

லூதியானா கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் ஜெயராஜ் பாண்டியன் தலைமையில் 'ஸ்பிரிண்ட் இந்தியா' என்ற பெரிய ஆய்வு நடந்தது. முதல் முறை பக்கவாதம் வந்த 4,298 பேர். நாடு முழுக்க 31 மையங்கள். பாதிப் பேருக்கு 12 மொழிகளில் குறுஞ்செய்தி, வீடியோ, கையேடு அனுப்பப்பட்டன. குடி, புகையிலை குறைந்தன. மாத்திரையை ஒழுங்காகப் போடுவது கூடியது. ஆனால் ஓராண்டில் மறுபடி பக்கவாதம், மாரடைப்பு, மரணம் ஆகியவற்றில் இரு அணிகளுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. நல்ல எண்ணத்தோடு செய்த முயற்சி. அதன் பாடத்தையும் நேர்மையாக ஏற்க வேண்டும். தகவல் சொல்வது தேவைதான். அதோடு நிற்காமல், யாரோ ஒருவர் கையில் பட்டை கட்டி அளந்து, எண் ஏறியிருந்தால் அன்றைக்கே மருந்தைக் கூட்ட வேண்டும் என்பதே என் கருத்து.

அந்த 'யாரோ ஒருவர்' முதலில் வீட்டிலேயே இருக்கலாம். புஜத்தில் கட்டும் தானியங்கி பிரஷர் மெஷின் ஒன்று வாங்குங்கள். பிசியோதெரபிக்கும் எண்ணெய்க்கும் ஆகும் செலவில் அது சிறு பங்குதான். காலையில் காபிக்கும் மாத்திரைக்கும் முன்பு, ஐந்து நிமிடம் முதுகைச் சாய்த்து உட்காரவைத்து, விழாத கையில், சட்டைக்கு மேலே கட்டாமல் தோலில் கட்டி, இரண்டு முறை பாருங்கள். காலண்டரில் எழுதுங்கள். அந்தக் காலண்டர் தாளையே டாக்டரிடம் காட்டுங்கள். ஆஸ்பத்திரியில் ஒருமுறை பார்க்கும் எண்ணைவிட அது அவருக்கு அதிகம் சொல்லும்.

முகம் கோணினாலோ, கை தளர்ந்தாலோ, பேச்சு குழறினாலோ, வாந்தியோடு கடும் தலைவலி வந்தாலோ, பழைய பாதிப்புதான் என்று விட்டுவிடாமல் 108-ஐ அழையுங்கள். வாயில் எதுவும் கொடுக்காதீர்கள்.

அரசுக்கும் ஒரு கோரிக்கை இருக்கிறது. மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கு மாத்திரையும் வருகிறது, பிசியோதெரபியும் வருகிறது. கட்டமைப்பு ஏற்கெனவே தயார். மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ மாவட்ட மருத்துவமனையிலோ இருந்து மூளைக் கசிவு நோயாளி ஒருவர் வீடு திரும்பும் அன்றே, அவர் பெயர் அந்த ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தின் தனிப் பதிவேட்டில் ஏற வேண்டும். 130-க்கு 80 என்ற இலக்கு அந்தப் பெயருக்கு எதிரே எழுதப்பட வேண்டும். முதல் ஓராண்டுக்காவது மாதம் ஒரு முறை தன்னார்வலர் அவர் வீட்டுக்குப் போய் அளந்து எழுதட்டும். இரண்டு மாதம் தொடர்ந்து எண் ஏறியிருந்தால் மருத்துவ அலுவலர் அந்த வீட்டுக்கு வரட்டும்.